ரெண்டு தடவ மிஸ்ஸி

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர்கள் பேஷண்டுகள். நாங்கள் வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்போம். முக்கியமாக நான். என் வாய் அப்படி.

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில், டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருந்தது எங்கள் டயாலிசிஸ் சென்டர். அக்கம்பக்கத்தில் டயாலிசிஸ் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. 'ரத்தம் கழுவுற எடம்' என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். கிட்னி போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வருவார்கள். வந்தால் நான்கு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டும். கையில் அறுவை செய்து புடைக்க வைத்திருக்கும் ரத்தக்குழாயில் ஊசியைச் செருகித்தான் எல்லாம் தொடங்கும். ஊசி என்றால் தடுப்பூசி போடுகிற ஊசி இல்லை. கிட்டத்தட்ட கோணி ஊசி. ஒரே குத்தில் உள்ளே போனால் பேஷண்டுக்கு அன்றைக்கு நல்ல நாள். போகாவிட்டால் கை வீங்கும், கறுத்துப் போகும், பெரிய பெரிய ஆம்பளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள்.

ஊசி தவறினால் சொல்வதற்கு நாங்கள் எல்லாரும் ஒரு வசனம் வைத்திருந்தோம். "அங்கிள், உங்க நரம்பு ஓடுது லா." பாவம், குத்து வாங்கினவரே குற்றவாளி மாதிரி, "ஆமா மிஸ்ஸி, என் நரம்பு எப்பவுமே அப்படித்தான்" என்பார். நர்ஸுகளை இங்கே பழைய ஆட்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் அந்த வசனத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசி தவறினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி, "ஒன்னு" என்பாள். "தப்பு என்னுது. உங்க கை நல்லாத்தான் இருக்கு." இரண்டாவதும் தவறினால் "ரெண்டு" என்று சொல்லி ஊசியைத் தட்டில் வைத்துவிடுவாள். அதற்கு மேல் தொட மாட்டாள். "யாராச்சும் வாங்க, எனக்கு வரல" என்று கூப்பிடுவாள். அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்த பெண் வந்தாலும் சரி, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, அந்தப் பெண் எங்கே விரலை வைக்கிறாள், எந்தச் சாய்வில் குத்துகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நானும் அவளும் ஒரே வயது, ஒரே அனுபவம். நான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து ரயிலில் வருவேன். அவள் பண்டமாரானிலிருந்து ஒரு ஓட்டை மோட்டார்சைக்கிளில் வருவாள். எனக்கு மூன்றாவது குத்து, நான்காவது குத்து எல்லாம் உண்டு. "எனக்கு வரல" என்று என் வாயால் சொல்வதா? நாக்கு அழுகிப் போகும் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் சென்டரிலேயே மிகக் குறைவாகத் தவறுவது அவளுடைய ஊசிதான். இது எனக்கு வெகுநாள் புரியவில்லை, புரியாததால் எரிச்சல் வேறு. இப்போது யோசித்தால் இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நரம்பின் மேல் பழியைப் போட்டவளுக்கு அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. தன் மேல் போட்டுக்கொண்டவள் ஏன் தவறியது என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். இவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருடம் ஓய்வு பெற்று ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எழுதுவதை அவள் படிக்கப் போவதில்லை. படித்தாலும் ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அது தன்னால்தான் வந்தது என்று சொல்வாள்.

ஒரு முறை மலாய்க்கார மக்சிக், நம் பேச்சில் பெரியம்மா, ஒருவருக்கு விக்கல் நிற்கவே இல்லை. இரண்டு நாளாக விக்கிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை வரும் டாக்டர் எங்களை வரிசையாக நிற்க வைத்து என்ன காரணம் என்று கேட்டார். ஒருத்தி வாயு என்றாள். நான் விடுவேனா? ஒரு பெரிய நோயின் பெயரை எடுத்துவிட்டேன். பாதி எங்கோ படித்தது, பாதி அந்த நிமிடத்தில் வாயில் வந்தது. அவள் முறை வந்தபோது, "தெரியல டாக்டர்" என்றாள். இத்தனை வருடம் வேலை செய்தவள் சொல்கிற பதிலா இது என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அன்று மாலை அவள் மோட்டாரை எடுத்துக்கொண்டு நேராக அந்த மக்சிக் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசலில் ஒரு பெலிம்பிங் மரம், காய்த்துத் தொங்குகிறது. வெட்டினால் துண்டு துண்டாக நட்சத்திரம் மாதிரி விழுமே, அந்தப் பழம். கிட்னி போனவர்களுக்கு அது விஷம். விக்கலில்தான் ஆரம்பிக்கும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருமகள் தினமும் அதைப் பிழிந்து மாமியாருக்கு மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டோம். மருந்தை எந்த மனுஷி சாப்பாட்டுக் கணக்கில் சொல்வாள்?

"உனக்கு எப்படித் தோணுச்சு அங்க போகணும்னு?" என்று மறுநாள் கேட்டேன்.

"தெரியலன்னு சொல்லிட்டேன்ல. சொல்லிட்டு சும்மா இருக்க முடியுமா?" என்றாள்.

நான்தான் காரணத்தைச் சொல்லிவிட்டேனே. எனக்கு எங்கே போகத் தோன்றும்?

வீட்டிலும் இதே கூத்துதான். ஒரு தீபாவளிக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாள். வாசலில் காலை வைத்ததுமே, "முறுக்கு எடுக்காதீங்க, நமுத்துப் போச்சு. நான்தான் டின்ன சரியா மூடல. கோழி நல்லா இருக்கு, அத சாப்பிடுங்க" என்றாள். அவள் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கா" என்றார். என் வீட்டு முறுக்கு நமுத்திருந்தால் நான் மழையைத் திட்டியிருப்பேன். டின் விற்ற கடைக்காரனைத் திட்டியிருப்பேன்.

அவள் கூடவே வேலை செய்வது சுகமான அனுபவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுச் செருப்பு மாதிரி எங்கேயோ கடித்துக்கொண்டே இருக்கும். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனாலும் அவள் "ஒன்னு" என்று எண்ணும்போதெல்லாம் நான் எண்ணாமல் விட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். சில நாள் இது ஒரு தினுசுத் திமிர் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒருநாள் மத்தியானம் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"உனக்கு வெக்கமாவே இருக்காதா?"

"இருக்கும். சில நாள் வீட்டுக்குப் போயி பாத்ரூம்ல அழுவேன்."

"அப்புறம் எதுக்கு ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி சொல்ற?"

"சொல்லலன்னா அடுத்த தடவ கை நடுங்குது" என்றாள்.

நான் சிரித்தேன். என் கை அப்போது நடுங்கியதே இல்லை.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்கள் வேலையில் எடைதான் எல்லாம். கிட்னி வேலை செய்யாதவர் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். தண்ணீர் கோக்காமல் ஒருவர் இருக்க வேண்டிய எடை இவ்வளவு என்று டாக்டர் எழுதி வைத்திருப்பார். வந்ததும் எடை பார்ப்போம். எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அத்தனை லிட்டரை மெஷின் இழுக்கும். குறைவாக இழுத்தால் மூச்சு முட்டும். அளவுக்கு மேல் இழுத்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாய்ந்துவிடுவார். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு தராசில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழிப்போம். அந்த எடையை வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டியிருக்கும்.

நான் அந்தப் பிளாஸ்திரியைப் பார்ப்பதே கிடையாது. எங்களிடம் வரும் அத்தனை நாற்காலியின் எடையும் எனக்கு மனப்பாடம். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அவள், ஆறு வருடமாக வருகிறவரின் நாற்காலியாக இருந்தாலும் குனிந்து படிப்பாள். "மறந்துருவேன்" என்பாள். எடை போடுகிறவள் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மெஷினில் அளவை வைக்கிறவள் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

அந்தச் சமயத்தில் ஷா ஆலமில் எங்களுக்குப் புதிதாக ஒரு சென்டர் திறக்க இருந்தார்கள். அதற்குப் பொறுப்பாளராக அவளா நானா என்பதுதான் பேச்சு. இருவருக்கும் வியாழக்கிழமை இன்டர்வியூ. எனக்கு அந்த வேலை வேண்டும். வெறியாக வேண்டும்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை, தீபாவளிக்கு மறுநாள். லோரி அங்கிள் வந்தார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டினவர், பண்டமாரான்காரர். சர்க்கரை ஒரு காலை எடுத்துக்கொண்டுவிட்டது, இதயமும் பலவீனம். மகன் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து தராசில் ஏற்றிவிட்டு, கார் வழியில் நிற்கிறது என்று வெளியே ஓடினான். நான் எண்ணைப் பார்த்தேன். அவர் நாற்காலி பதினான்கு கிலோ. மனதிலேயே கழித்தேன். நாலரை கிலோ கூடியிருந்தது. வழக்கமாக அவருக்கு இரண்டரைக்கு மேல் ஏறாது.

"என்ன அங்கிள், தீபாவளி பலமா? எத்தன டம்ளர் உள்ள போச்சு?"

"இல்ல மிஸ்ஸி. ஒரு டம்ளர் காப்பி. அதுவும் பாதிதான்."

"பாதி டம்ளர் காப்பி நாலரை கிலோவா? தராசு பொய் சொல்லுதா அப்ப?"

"சாமி சத்தியமா குடிக்கல மிஸ்ஸி."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. அப்புறம் மூச்சு முட்டுதுன்னு வந்து எங்க உயிர எடுக்குறீங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் "நாலரை" என்று சத்தமாகச் சொன்னேன். அவள் இன்னொருவருக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கணக்கு தவறாது என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் அவளும் குனிந்து பிளாஸ்திரியைப் பார்க்கவில்லை. எழுதினாள், ஒரே நாளில் அவ்வளவு வேண்டாம் என்று நான்கு லிட்டராகக் குறைத்து வைத்தாள், கையெழுத்துப் போட்டாள்.

மூன்றரை மணி நேரம் போனபோது அங்கிள் சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கண் மேலே செருகிவிட்டது, இருக்கிற ஒற்றைக் காலும் இழுத்துக்கொண்டது. நான் கல்லாக நின்றேன். அவள்தான் ஓடி வந்தாள். மெஷின் இழுப்பதை நிறுத்தி, நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் காலைத் தூக்கி, உப்புநீரை உள்ளே விட்டாள். "அங்கிள், என்னப் பாருங்க. கண்ண மூடாதீங்க. என்னப் பாருங்க." பத்து நிமிடம் ஆனது. கண் திறந்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தை, "குடிக்கல மிஸ்ஸி."

போனில் டாக்டர் விவரத்தைக் கேட்டார். அவ்வளவு எடை இருக்கும்போதே ஆள் சாய்கிறார் என்றால் உடம்பில் சதை போட்டிருக்கும், அவருடைய எடையை இரண்டு கிலோ கூட்டி எழுதுங்கள், இனிமேல் குறைவாக இழுங்கள் என்றார். எழுதியாகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. இது தினம் நடக்கிற விஷயம்தானே, யாருக்கு வேண்டுமானாலும் ரத்த அழுத்தம் விழும்.

அவள் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு சுவரோரம் இருந்த அங்கிளின் காலிச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்த் தராசில் ஏற்றினாள். எண் எனக்கும் தெரிந்தது. பதினாறு. நாற்காலியின் முதுகில் மஞ்சள் பெயிண்டில் சின்னதாக 'கோவில் உபயம்' என்று எழுதியிருந்தது. கைப்பிடியில் பிளாஸ்திரியே இல்லை. அவருடைய சொந்த நாற்காலியின் சக்கரம் கழன்று, கோவிலில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். அதே கறுப்பு, அதே அளவு. கண்ணை வைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டாள்.

"அங்கிள் குடிக்கல" என்றாள்.

நான் அலமாரியில் இருந்த கையுறைப் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"அடுத்த தடவ அவரு சொந்த சேர்ல வருவாரு. டாக்டர் சொன்ன புது எடைய வெச்சா ரெண்டு லிட்டர் தண்ணிய உள்ளயே விட்டு வீட்டுக்கு அனுப்புவோம். அவரு ஹார்ட்டு தாங்காது."

"அடுத்த தடவ நானே பாத்து சரி பண்ணிர்றேன் லா. யார்கிட்டயும் சொல்ல வேணாம். வியாழக்கிழம இன்டர்வியூ. உனக்கும்தான இருக்கு?"

"நீ அன்னிக்கு லீவா இருந்தா?"

"அதான் ஆளுக்கு ஒன்னும் ஆகலியே!" என்று கத்தினேன். கத்தியதும் எனக்கே பயமாகிவிட்டது.

அவள் கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. அவளுக்கும் அந்த வேலை வேண்டும் என்று எனக்குத் தெரியும். "நான் அந்த சேர பாக்காம கையெழுத்து போட்டேன். அத நான் சொல்லப் போறேன்" என்றாள்.

"என் பேரச் சொல்லுவியா?"

"உன்னுத நீதான் சொல்லணும்."

முதலில் டாக்டருக்குப் போன் போட்டு அந்த இரண்டு கிலோவை அடிக்க வைத்தாள். பிறகு லோரி அங்கிள் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "நீங்க சொன்னது நெசம் அங்கிள். நாங்க நம்பல. மன்னிச்சிருங்க." அவர் அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

சாயங்காலம் மேனேஜர் அன்று வேலையில் இருந்த எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எடை எழுதிய பேப்பரைப் பார்த்தார். அதில் அவள் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. "எடை போட்டது யாரு?" என்று கேட்டார். "நான் அந்த சேர பாக்கல சார். அதுதான் நான் செஞ்சது. மத்தத நான் சொல்றதுக்கில்ல" என்றாள். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையுறையைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்டர்வியூவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஷா ஆலம் எனக்குக் கிடைத்தது. நான் கிளம்புகிற அன்று வந்து கையைப் பிடித்து, "நல்லா செய்" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மனதாரத்தான் சொன்னாள், பாவி.

ஷா ஆலமில் முதல் நாளே ஒரு சட்டம் போட்டேன். யாருடைய நாற்காலியாக இருந்தாலும், தினமும் வந்தாலும், முதலில் காலி நாற்காலியைத் தராசில் ஏற்ற வேண்டும். ஆளை அப்புறம்தான். எல்லாரும் பாராட்டினார்கள். மற்ற சென்டர்களிலிருந்து வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். இது எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களிடம் "அனுபவம்" என்றேன்.

சட்டம் போட்டுவிட்டேன், ஊசி மட்டும் போட முடியவில்லை. என் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் காப்பியைக் குறைத்தேன், அப்புறம் கண்ணாடியை மாற்றினேன். பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஊசி எடுக்க வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதும் ஒரு மீட்டிங் இருக்கும்.

ஆறு வருடம் போன பிறகு என் கணவருக்குக் கிட்னி போனது. அவருக்கும் சர்க்கரைதான்.

"உன் சென்டர்லயே பண்ணிக்கலாமே. ஏசி நல்லா இருக்கு, நீயும் பக்கத்துல இருப்ப" என்றார்.

"வேணாம். கிள்ளானுக்குப் போலாம்."

"அவ்ளோ தூரமா? ஏன்?"

"அங்க ஒருத்தி இருக்கா" என்றேன். என் வீட்டுக்காரருடைய கையை நீட்டி யாரிடம் கொடுப்பது என்று வந்தபோது, உலகத்திலேயே எனக்கு அவள் ஒருத்தி முகம்தான் நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் அவளைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது சும்மா அலங்காரம்.

தலை நரைத்திருந்தாள். என்னைப் பார்த்து "வா" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. பக்கத்தில் லோரி அங்கிள். அவர் இன்னும் இருந்தார். அவரை ஒரு பெண் கைத்தாங்கலாகப் பிடித்து வேறு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, காலிச் சக்கர நாற்காலியை முதலில் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இங்கேயும் அதே சட்டம்தான். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

என் கணவருடைய ரத்தக்குழாய் புதுசு, இன்னும் சரியாகத் தடிக்கவில்லை. "ஒன்னு" என்றாள். "தப்பு என்னுது. உங்க கை நல்லாத்தான் இருக்கு." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நரம்பு ஓடுகிற கதைகளை இருபது வருடமாக என்னிடம் கேட்டவர் ஆயிற்றே. அடுத்ததும் தவறியது. "ரெண்டு." ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கு வரல. நீ வா. ஒனக்கு இவரு கை பழக்கம்தான?"

கை கழுவினேன். கையுறை போட்டேன். புது ஊசியை எடுத்தேன். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி என் கை ஆடியது. அவள் அதைப் பார்த்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"எனக்கு வரல" என்றேன்.

நாக்கு அழுகவில்லை. அவள் ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் ஒரே குத்தில் முடித்துவிட்டுப் போனாள்.

கணவர் கண்ணை மூடிப் படுத்த பிறகு லோரி அங்கிள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அங்கிள், அன்னிக்கு, தீபாவளிக்கு மறுநாள்... எடை போட்டது நான்தான்."

"தெரியும்" என்றார்.

"அவங்க சொன்னாங்களா?"

"அந்தப் புள்ள எங்க சொல்லிச்சு? என்னத் திட்டுனது நீதான? எனக்குத் தெரியாதா?" டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "அது வந்து மன்னிப்பு கேட்டுச்சு. நீ இல்லயே தாயி எடை போட்டதுன்னேன். என்னுதுக்குத்தான் கேக்குறேன் அங்கிள்னு சொல்லிச்சு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் இப்போது என்னைப் பார்த்தார்.

"சரி, நீ சொல்லு. அன்னிக்கு நான் தண்ணி குடிச்சேனா?"

"குடிக்கல அங்கிள்."

"கேக்கல."

"குடிக்கல."

"அன்னிக்கு எல்லாரும் சிரிக்கிற மாதிரி சத்தமாத்தான கேட்ட. அதே மாதிரி சொல்லு."

பன்னிரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். என் கணவர் கண்ணைத் திறந்துவிட்டார். அந்தச் சின்னப் பெண் கையில் பஞ்சோடு திரும்பிப் பார்த்தாள். கோடியில் கை கழுவும் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அங்கிள் அன்னிக்குத் தண்ணி குடிக்கல" என்று சொன்னேன். கோடி வரைக்கும் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னேன். "அது கோவில் சேர். நான் சேர பாக்கல. பாக்காமலே எடையச் சொல்லி அவரத் திட்டுனேன். தப்பு என்னுது."

யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் "ம்" என்றார். "உக்காரு, ஏன் நிக்கிற?" என்று பக்கத்து முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் நின்றிருந்தது. அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்று கேட்டிருக்கிறாள். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திறந்து, மீதிக் கையையும் கழுவிக்கொண்டு அடுத்த பேஷண்டிடம் போனாள்.